ரூபாய்க்கு 8 பைசா: தாத்தாவின் தறியும் என் பே ஸ்லிப்பும்

இன்னைக்கு எபிசோடு என்னோட முதல் சம்பளத்தில் ஆரம்பிக்குது. ஆஃபர் லெட்டர்ல ஒரு தொகை போட்டிருந்தாங்க, பேங்க்ல வந்தது வேற தொகை. கடுப்போட பே ஸ்லிப்பை பிரிண்ட் எடுத்துக்கிட்டு காஞ்சிபுரம் போனேன். பிள்ளையார்பாளையத்தில் திண்ணையில் தாத்தா உட்கார்ந்திருந்தார். பட்டுத் தறி நெய்தவர். "எல்லாத்தையும் பிடிச்சுட்டாங்க தாத்தா"ன்னு புலம்பினேன். ஒவ்வொரு வரியா படிக்கச் சொல்லிக் கேட்டார். கடைசியில் ஒரே கேள்வி: "இதுல உன் பேர்ல நிக்கிறது எது, போயே போறது எது?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கு.

முதல்ல, போயே போறது. அதாவது வரி. காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட பல்லவர்களின் செப்பேடுகளிலேயே 'தறிக்கூறை' என்று தறி மீதான ஒரு வரி வருகிறது. ஆங்கிலேயர் காலத்திலும் சென்னை மாகாணத்தில் தறிக்கு வரி இருந்தது. 1860-ல் வருமான வரி வந்தது. இன்னைக்கு உங்க ஸ்லிப்பில் இருக்கிற டிடிஎஸ் அதன் வாரிசு. தொழில் வரி, தமிழ்நாட்டில், உங்க ஊர் உள்ளாட்சிக்குப் போகுது. இதெல்லாம் உங்க பேர்ல நிக்காது. ரோடாவும் தெருவிளக்காவும் திரும்பி வரலாம்.

இரண்டாவது வகை, கடன். தாத்தா இளவயசில் ஒரு முதலாளிகிட்ட நெய்தார். பாவும் பட்டும் சரிகையும் அவர் கொடுப்பார். சேலையை அறுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் கூலி. அத்தை கல்யாணத்துக்கு அவர்கிட்டயே முன்பணம் வாங்கினார். அப்புறம் ஒவ்வொரு சேலைக் கூலியிலும் கழிவு. நெசவில் குறை இருந்தால் அதுக்கும் கழிவு. கணக்கு முதலாளி நோட்டில்தான் இருக்கும்; தாத்தா கையில் ஒரு சீட்டுகூட கிடையாது. முன்பணம் தீராமல் வேற இடத்துக்குப் போகவும் முடியாது.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா? இருந்தது. 1936-ல் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் வந்தது. எதுக்கெல்லாம் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று பட்டியலே போட்டது. அபராதம் ரூபாய்க்கு அரையணாவைத் தாண்டக் கூடாது என்றது. ஆனால் அது தொழிற்சாலைக்கும் ரயில்வேக்கும் வந்த சட்டம். வீட்டுத் தறியை அது எட்டிப் பார்க்கவில்லை. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது 1976-ல். அதுக்கப்புறமும், 1990-களில்கூட, முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் காஞ்சிபுரம் பட்டுத் தறிகளில் வேலை பார்த்தது பதிவாகியிருக்கு. கழிவு எந்த எல்லைக்குப் போகும் என்பதற்கு அதுதான் சாட்சி.

மூன்றாவது வகைதான் நம்ம பேர்ல நிக்கிறது. 1952-ல் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் வந்தபோது தொழிலாளி பங்கு 6.25 சதவீதம். ஏன் இப்படி ஒரு விசித்திரமான எண்? ரூபாய்க்கு 16 அணா. அதில் ஒரு அணா. முதலில் சேர்த்த ஆறு தொழில்களில் துணி ஆலையும் உண்டு. தாத்தா மாதிரி வீட்டில் நெய்கிறவர் இதிலும் இல்லை.

அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியது கூட்டுறவுச் சங்கம். 1975-ல் தமிழ்நாடு அரசு கூட்டுறவு நெசவாளர்களுக்குச் சேமிப்புத் திட்டம் கொண்டுவந்தது. கூலியில் ரூபாய்க்கு 8 பைசா பிடிப்பாங்க, அரசு 4 பைசா போடும். 1,000 ரூபாய் கூலின்னா கைக்கு 920. ஆனா கணக்கில் சேர்வது 120. தாத்தா சங்கத்தில் சேர்ந்தது அப்போதான். "மொதல்ல எனக்கும் வயிறு எரிஞ்சுது"ன்னு சொல்லிச் சிரிச்சார். ஓட்டு வீட்டை இடிச்சுத் தளம் போட்டது, கடைசியில் கிடைச்ச அந்தப் பணத்தில்தான்.

இப்ப நம்ம ஸ்லிப்புக்கு வருவோம். பிஎஃப் கணக்கிடும் சம்பளம் 15,000 ரூபாய்னு வைங்க. உங்க 12 சதவீதம் 1,800. கம்பெனியும் 1,800 போடணும். அதில் 1,250 பென்ஷன் கணக்குக்கும் 550 பிஎஃப் கணக்குக்கும் போகும். பெரும்பாலும் கம்பெனி பங்கையும் சிடிசிக்குள்ளேயே எழுதிடுவாங்க. அதனால் ஸ்லிப்பில் பிடித்தம் 1,800-னு தெரிஞ்சாலும், சிடிசிக்கும் கைக்கு வர்றதுக்கும் நடுவில் இதிலேயே 3,600 இடைவெளி. என்னோட அதிர்ச்சியில் பெரும்பகுதி இதுதான். ஏமாத்து வேலை இல்லை. ஆனா ஆஃபர் லெட்டரை நான் சரியா படிக்கல.

ஸோ, அடுத்த மாசம் ஸ்லிப் வந்ததும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுதிப் பாருங்க: வரியா, கடனா, என் சேமிப்பா? சேமிப்புன்னா, பிஎஃப் பாஸ்புக்கில் அந்தத் தொகை உண்மையிலேயே ஏறியிருக்கான்னு பாருங்க. தாத்தாவுக்கு இளவயசில் கிடைக்காத ஒரு விஷயம் நம்மகிட்ட இருக்கு: எதுக்குப் பிடிச்சாங்கன்னு எழுதின ஒரு சீட்டு. அதைப் படிக்காம டெலீட் பண்ணிடாதீங்க.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.