படல் சாத்திய புல்

படப்பை என்றால் பழந்தமிழில் வேலியிட்ட தோட்டம். ஆனால் வண்டலூர்-வாலாஜாபாத் சாலையில் இருக்கும் எங்கள் படப்பையில், மாடு மேய்ந்த இடத்துக்கு வேலியே இருந்ததில்லை. ஏரிக்கரையும் மேய்க்கால் புறம்போக்கும் ஊருக்கே பொது. மழைக்குப் பிறகு முளைத்த புல்லை எல்லார் மாடும் முந்திக்கொண்டு மேயும். சித்திரையில் கட்டாந்தரைதான், வைக்கோற்போர் உள்ளவன் மாடு பிழைக்கும்.

வேலியிட்ட மேய்ச்சலைக் காண நான் காங்கயம் வரையில் போகவேண்டியதாயிற்று. அங்கே அதற்குக் கொறங்காடு என்று பெயர். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரங்கள். நிலத்தைப் பல துண்டாக்கி, ஒன்றில் மேயும்போது மற்றதைப் படல் சாத்தி வைக்கிறார்கள்.

"மழை பேஞ்சதும் மாட்டை விட்டா, அது புல்லைத் திங்கறதில்லீங்க, அடுத்த வருஷத்தைத் திங்குதுங்க" என்றார் ஒரு பெரியவர். புல் விதை உதிர்த்த பிறகே படல் திறக்கும். முதலில் மாடு, பிறகு ஆடு. ஆடு அடியொட்டக் கடித்துவிடும் அல்லவா? புல் காய்ந்த காலத்துக்கு வெள்வேலங்காய் இருக்கிறது. சில வருஷங்களுக்கு ஒருமுறை உழுது சோளமோ கொள்ளோ விதைத்து, இறுகிய மண்ணை இளக்குவார்கள். பழையகோட்டைப் பட்டக்காரர்கள் பேணி வளர்த்துப் புகழ் தேடித் தந்த காங்கயம் மாடுகள் இந்தப் புல்லில் வளர்ந்தவையே.

இந்தச் சிக்கனம் எப்படி வந்தது? ரயத்துவாரி முறையில் பட்டா நிலத்துக்குக் கிஸ்து கட்டியாக வேண்டும். வெறும் புல்லுக்காகக் கிஸ்து கட்டியவன் அதை எண்ணி எண்ணித்தானே செலவழிப்பான்? 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மனிதர்களோடு மாடுகளும் லட்சக்கணக்கில் மடிந்தன. தீவனத்தை மிச்சம் பிடிக்காத ஊருக்கு நேர்வது என்ன என்பதை அந்தப் பஞ்சம் காட்டியது.

"நிலமில்லாதவர் மாடு என்ன செய்யும்?" என்று பெரியவரைக் கேட்டேன்.

"காட்டைக் குத்தகைக்கு எடுத்துக்கலாமுங்க" என்றவர், சற்றுப் பொறுத்து, "பணமிருந்தா" என்றார்.

எங்கள் தெருவில் பால் ஊற்றிய கிழவி ஒருத்தி நினைவுக்கு வந்தாள். அவளுக்குச் சொத்து ஒற்றைப் பசு. அதை வளர்த்தது புறம்போக்கு. ஊர் பெருக அந்த வெளி சுருங்கிற்று. அவள் பசுவையும் விற்றுவிட்டாள். படல் சாத்திப் புல்லைக் காப்பாற்ற எங்கள் ஊர் கற்றிருந்தால் நன்றாயிருக்கும். ஆனால் அந்தப் படலைத் திறக்கும் நாளில், முதலில் அவள் பசு உள்ளே போயிருக்க வேண்டும்.