கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டப் பட்டறை, பாண்டிச்சேரி

அமெரிக்கர்களான டெபோரா ஸ்மித், ரே மீக்கர் இருவரும் 1971ஆம் ஆண்டு பாண்டிச்சேரியில் தொடங்கிய பட்டறை, பயிற்சிக்கூடமும் அதுவே. உயர்வெப்பத்தில் சுட்டுக் கண்ணாடிப் பூச்சு ஏற்றிய கலங்கள் இதன் அடையாளம். தென்னிந்தியாவில் தனிக் கலைஞர்களின் நவீன மட்பாண்டக் கலை பெரும்பாலும் இங்கிருந்தே கணக்கிடப்படுகிறது.

பாண்டிச்சேரிக்கும் மண்கலத்துக்கும் உள்ள உறவு பழையது. நகருக்குத் தெற்கே சில கிலோமீற்றர் தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ளது பழைய துறைமுகமான அரிக்கமேடு. 1945இல் தொல்லியலாளர் மோர்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது இத்தாலியின் அரெற்சோ நகரத்துச் சிவப்புக் கலங்களின் உடைசல்கள் வெளிவந்தன. அவற்றின் அடியில் விபி, கமுரி, இட்டா என்று செய்தவர்களின் பெயர் முத்திரைகள். காலம் தெரிந்த இந்தக் கலங்களைக் கொண்டே, அவற்றோடு கிடைத்த உள்நாட்டுக் கலங்களுக்கும் வீலர் காலம் கணித்தார். அரிக்கமேட்டுக்குப் புகழ் வந்தது இதனால்தான். அவருக்குப் பின் 1947 முதல் கசால், 1989 முதல் விமலா பெக்லி ஆகிய தொல்லியலாளர்களும் அங்கு அகழ்ந்தனர்.

உள்நாட்டுக் கலங்களில் முதன்மையானது உருளி முத்திரைக் கலம். மெல்லிய சுவரும் உள்நோக்கி வளைந்த விளிம்பும் கொண்ட சாம்பல் அல்லது கருநிறத் தட்டு இது. உட்புற அடியில் சிறு கொத்துகள் வட்டவட்டமாக ஓடும். ரோமானியச் செல்வாக்கில் பிறந்தது என வீலர் கருதினார். ஆனால் இது இந்தியக் குயவர்களின் கைவேலையே. மண்ணின் கனிமச் சோதனைகள் கங்கைக் கழிமுகப் பக்கத்தைச் சுட்டுகின்றன. இலங்கையில் அநுராதபுரம், கந்தரோடை, மாந்தை, திஸ்ஸமகாராம ஆகிய இடங்களிலும் இதே தட்டு கிடைத்திருக்கிறது. அரிக்கமேட்டு ஓடுகளில் தமிழ்ப் பிராமியில் கீறிய பெயர்களும் உண்டு. அவை பெரும்பாலும் பானைக்கு உரியவர்களின் பெயர்கள், வனைந்தவர்களுடையவை அல்ல. இத்தாலியக் குயவன் பெயரைப் பதித்து அனுப்பினான், நம்மவன் பதிக்கவில்லை.

தமிழ்நாட்டுக் குயவர் மரபு பட்டறையின் காலம் வரை அறுபடாமல் வந்தது. குயவர், குலாலர், வேளார் என இடத்துக்கொரு பெயர் இவர்களுக்கு. கோலால் சுழற்றிவிடும் சக்கரத்தில் வாயையும் தோளையும் எடுத்துவிட்டு, அடிப்பகுதியைத் தட்டுப்பலகையாலும் உள்ளே வைக்கும் கல்லாலும் தட்டித் தட்டி மூடுவது இம்முறை. வேளார்கள் ஐயனார் கோயில்களுக்குக் குதிரை செய்வோராகவும் பூசாரிகளாகவும் இருந்தனர். சூளை என்பது பெரும்பாலும் வைக்கோலும் வறட்டியும் மூடிய திறந்த குவியல். வெப்பம் 900 பாகையை எட்டுவது அரிது. எனவே பானை நுண்துளை உடையது, நீர் கசியும். கோடையில் குடத்துத் தண்ணீர் குளிர்வது இந்தக் கசிவினால்தான். தேநீர்க் கோப்பைக்கு அது உதவாது.

அந்த இடைவெளிக்குள் நுழைந்தவர்களே ஸ்மித்தும் மீக்கரும். ஸ்மித் ஜப்பானிய மொழி கற்றவர். பூச்சு எதுவும் இல்லாமல் நாள்கணக்கில் விறகுத் தீயில் சுடும் ஜப்பானின் பிஸென் ஊரில் தொழில் பயின்றவர். மீக்கர் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலையில் தொடங்கி மட்பாண்டத்துக்கு மாறியவர். ஜப்பான் வழி இந்தியாவுக்குப் புதிதல்ல. டெல்லி புளூ பொட்டரியைத் தொடங்கிய குருசரண் சிங் 1919ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே ஜப்பான் சென்று பெர்னார்ட் லீச், ஷோஜி ஹமாடா ஆகிய மட்பாண்டக் கலைஞர்களின் வட்டத்தோடு பழகியவர். லீச்சும் ஹமாடாவும் 1920இல் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் தொடங்கிய பட்டறையே உலகெங்கும் இத்தகைய கூடங்களுக்கு முன்மாதிரி. தெற்கில் அப்படியொரு கூடம் அரவிந்தர் ஆசிரமத் தொடர்பில்தான் அமைந்தது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் இருந்தது, ஆனால் அது அச்சுவேலை.

வேலை முறை இது. களிமண்ணோடு வெண்களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் முதலியவற்றைக் கலந்து, ஏறத்தாழ 1,300 பாகை செல்சியஸ் வரை தாங்கும் மண்கலவை ஆக்குவார்கள். அந்த வெப்பத்தில் உடல் இறுகித் துளைகள் மூடிக்கொள்ளும். ஊறுகாய் ஜாடியின் உடல் போல. எரிபொருள் சவுக்கு விறகு. கரையோர மணலில் விரைந்து வளர்ந்து நின்று எரியும் மரம் அது. சூளைக்குள் காற்றைக் குறைத்துவிட்டால், தீ தனக்கு வேண்டிய ஆக்சிஜனைப் பூச்சிலுள்ள இரும்பிடமிருந்து பறிக்கும். அப்போது சிறிதளவு இரும்புள்ள பூச்சு வெளிர்பச்சை ஆகும். இரும்பு மிகுந்தால் கருமையும் துருச்சிவப்பும் வரும். சாயம் எதுவும் கலக்காமல் கிடைக்கும் நிறங்கள் இவை.

மீக்கர் 1980களின் நடுப்பகுதியிலிருந்து ஒரு விசித்திரமான முயற்சியில் இறங்கினார்: வீட்டையே சுடுவது. பச்சை மண்கல்லால் வில்வளைவுக் கூரையோடு வீட்டைக் கட்டி, உள்ளே செங்கல்லும் ஓடும் அடுக்கித் தீ மூட்டுவது. வீடும் வேகும், உள்ளே வெந்த சரக்கை விற்று விறகுச் செலவையும் ஈடுகட்டலாம் என்பது கணக்கு. ஈரானியக் கட்டடக் கலைஞர் நாதர் கலீலியின் சோதனைகள் இதற்குத் தூண்டுதல். வீடுகள் அழகாகவே வந்தன, கணக்குத்தான் உதைத்தது. தடித்த சுவர் வெப்பத்தை விழுங்கிவிடும், விறகோ மலிவாக இல்லை. இம்முயற்சி பின்னர் நூலாக வந்தது. மீக்கர் அதன்பின் ஆளுயரத்தை மிஞ்சும் சுடுமண் சிற்பங்களுக்குத் திரும்பினார்.

ஆசிரியர்கள் என்ற அளவில் இருவருடைய செல்வாக்கும் பெரிது. ஒரு தடவைக்கு ஒரு சிலரையே சேர்த்து, மாதக்கணக்கில் சக்கரத்தில் உட்காரவைத்தார்கள். கிறிஸ்டின் மைக்கேல், வினீத் கக்கர், அஞ்சனி கன்னா, மாத்வி சுப்பிரமணியன், ராக்கி கானே, ஆதில் ரைட்டர் முதலானோர் இங்கு பயின்றவர்கள். இவர்களில் சிலர் பாண்டிச்சேரிக்கு அருகே ஆரோவில்லில் தங்கிப் பட்டறை அமைத்தனர். 2018இல் ஜெய்ப்பூர் ஜவஹர் கலா கேந்திராவில் நடந்த முதல் இந்திய மட்பாண்டக் கலை மூவாண்டு விழாவை அமைத்தவர்களிலும் இவர்களில் சிலர் உண்டு.

கண்காட்சி ஏடுகளில் வருவது இந்தப் பெயர்களே. பட்டறையின் அன்றாடக் கோப்பைகளையும் தட்டுகளையும் வனைந்தவர்கள் சுற்றுவட்டாரத் தமிழ்த் தொழிலாளர்கள். கலங்கள் பட்டறையின் பெயரில் விலைபோயின. தொழில் கற்றுப் பிரிந்தவர்கள் பாண்டிச்சேரியைச் சுற்றிச் சொந்தமாகச் சூளை போட்டனர். இன்று ‘பாண்டிச்சேரிப் பீங்கான்’ என்று நகரங்களில் விற்கப்படும் சரக்கில் பெரும்பங்கு இத்தகைய சிறு பட்டறைகளிலிருந்து வருவது.

நவீன மட்பாண்டத்தில் இலங்கையின் வழி வேறு. 1972இல் ஜப்பானிய நொரிடேக் நிறுவனம் மாத்தளை வரகாமுறையில் ஆலை அமைத்தது. ஆனால் மலைநாட்டு ஹட்டன் தோட்டப்புறத்துப் பொங்கல் பானை இன்னும் குயவர் கிராமங்களிலிருந்தே லொறியில் மலையேறுகிறது.