தாண்டிப் போன ஆஸ்பத்திரி

அன்பு மாணவச் செல்வங்களே, உறவுகளே,

கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் ஐந்து நிமிடம் கூடுதலாகப் பாடம் எடுப்பவன் என்று என்னைக் கேலி செய்தவர்கள் நீங்கள்தானே, இன்றைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள். 34 ஆண்டுகள் வரலாறு நடத்தியவன் நான். தெரிந்திருக்க வேண்டிய ஒரு வரலாறு தெரியாமல் நான் செய்த தவறைப் பற்றி இன்று எழுதுகிறேன்.

போன ஆண்டு தை மாதம். விடியற்காலை நாலரை மணிக்குத் தம்பி மகன் போன் செய்தான். “பெரியப்பா, அப்பாவுக்கு நெஞ்சை அடைக்குதாம். வேர்த்துக் கொட்டுது. கார்ல ஏத்திட்டோம். தாலுகா ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறோம். இங்கேயே காட்டட்டுமா, டவுனுக்குப் போயிடட்டுமா?”

நான் யோசிக்கவே இல்லை. “அங்கே என்ன இருக்கு? நிறுத்தாதே, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ” என்றேன்.

நகரம் 78 கிலோமீட்டர். மூடியிருந்த ரயில்வே கேட், பனி மூட்டம் எல்லாம் கடந்து போய்ச் சேர்ந்து, சிகிச்சை தொடங்கும்போது மணி ஏழைத் தாண்டிவிட்டது. ஸ்டென்ட் வைத்தார்கள். தம்பி பிழைத்தான். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி செயலிழந்துவிட்டது. இப்போது மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறான். நான் பார்ப்பதைப் பார்த்தால், “வயசாச்சுல்ல அண்ணே” என்று எனக்குச் சமாதானம் சொல்கிறான்.

அவனைப் பார்க்க வந்தவர்களில் என் பழைய மாணவி ஒருத்தியும் இருந்தாள். வேறொரு தாலுகா ஆஸ்பத்திரியில் நர்ஸ். நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “சார், எங்ககிட்ட ஆஞ்சியோ கிடையாதுதான். ஆனா பத்து நிமிஷத்துல இ.சி.ஜி. எடுத்துடுவோம். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி இருக்கு. டாக்டர் பார்த்துட்டுப் போடலாம்னா போட்டு, ஆம்புலன்ஸ்ல அனுப்பிடுவோம். நீங்க ஏன் சார் தாண்டிப் போகச் சொன்னீங்க?”

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. வகுப்பில் சந்தேகம் கேட்பாளே, அதே குரல். ஆனால் எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். 1984-இல் அப்பாவுக்கும் இதேபோல நெஞ்சுவலி வந்தது. பக்கத்தில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆக்சிஜன் வைத்தார்கள், வலிக்கு ஊசி போட்டார்கள், அசையாமல் படுக்கச் சொன்னார்கள். இரண்டாம் நாள் காலையில் அப்பா போய்விட்டார். “சின்ன ஆஸ்பத்திரியில வச்சுதான் விட்டுட்டீங்க” என்று துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். நானும் அதை நம்பினேன். நாற்பது ஆண்டு நம்பிக்கைதான் அன்று விடியற்காலையில் போனில் பேசியது.

நம்பிக்கை சரியா என்று பார்ப்பதுதானே வரலாறு. ஓய்வில்தான் இருக்கிறேன். உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

முதலில், மாரடைப்புக்கு மருத்துவம் எப்படி வந்தது என்று பார்த்தேன். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் பெரிய சிகிச்சை என்று ஏதும் கிடையாது. வாரக்கணக்கில் படுக்கை ஓய்வு. 1952-இல் அமெரிக்காவில் சாமுவேல் லெவின், பெர்னார்டு லௌன் என்ற இரு மருத்துவர்கள், நோயாளியை நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று எழுதியதே அன்றைக்குத் துணிச்சலான பேச்சு. 1961-இல் டெஸ்மண்ட் ஜூலியன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், மாரடைப்பு வந்தவர்களை ஒரே இடத்தில் வைத்து, இதயத் துடிப்பை விடாமல் கண்காணிக்க வேண்டும், துடிப்பு தாறுமாறானால் உடனே மின்னதிர்ச்சி கொடுக்க வேண்டும் என்றார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் பெத்தனி என்ற மருத்துவமனையில் ஹியூஸ் டே என்பவர் அப்படி ஒரு பிரிவைத் தொடங்கினார். இன்று நாம் சி.சி.யு. என்கிறோமே, அதன் தொடக்கம் அது. பெத்தனி ஊர்மக்களுக்கான சாதாரண மருத்துவமனை, பெயர்பெற்ற பல்கலைக்கழக மருத்துவமனை அல்ல.

ஆனால் கண்காணிப்பு வேறு, அடைப்பை நீக்குவது வேறு. அடைப்பைக் கரைக்கும் மருந்துக்குத் தனிக் கதை உண்டு. 1933-இல் வில்லியம் டில்லெட் என்ற அமெரிக்க ஆய்வாளர், தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் பொருள் ஒன்றைச் சுரப்பதைக் கண்டார். அதுதான் ஸ்ட்ரெப்டோகைனேஸ். மாரடைப்பில் அதைப் பயன்படுத்தும் முயற்சிகள் 1950-களின் இறுதியிலேயே தொடங்கின. ஆனாலும் உயிர் காக்கிறதா, ரத்தக்கசிவை உண்டாக்கிக் கொல்கிறதா என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியவில்லை. சிறு சிறு ஆய்வுகள் ஆளுக்கொரு பக்கம் பேசின.

அந்தக் கேள்விக்கு விடை சொன்னது இத்தாலி. மிலானில் உள்ள மரியோ நெக்ரி ஆய்வு நிறுவனமும், இத்தாலிய மருத்துவமனைகளின் இதய மருத்துவர்கள் சங்கமும் சேர்ந்தன. சில பெரிய மருத்துவமனைகளோடு நிறுத்திக்கொள்ளாமல், நாடு முழுவதும் 176 இதயச் சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்த்துக்கொண்டன. 17 மாதங்களில் 11,806 நோயாளிகள். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை, மறு பாதிக்கு அதோடு ஸ்ட்ரெப்டோகைனேஸ். 1986-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. மருந்து பெறாதவர்களில் 100-க்கு 13 பேர் இறந்தார்கள். பெற்றவர்களில் 10.7. வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களிடம் இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஆறு மணி நேரம் கடந்து பெற்றவர்களிடம் தெளிவான பலன் இல்லை.

இந்த ஆய்வின் பெயர் ‘ஜிஸ்ஸி’. நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கிய மாதம், 1984 பிப்ரவரி.

அதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நம் சின்ன ஆஸ்பத்திரியில் அப்பா படுத்திருந்த அதே ஆண்டு அது. இந்த ஊசி பயன்படும் என்று உலகத்தில் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாத ஆண்டு. அந்த டாக்டர் அன்றைக்குத் தெரிந்ததைத்தான் செய்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் கண்காணிப்புக் கருவி கிடைத்திருக்கலாம். ஆனால் அடைப்பை நீக்கும் உறுதியான மருத்துவம் அங்கும் இருந்திருக்காது. நாற்பது ஆண்டாக அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் மேல் நான் சுமத்திய பழி நியாயமானதல்ல.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. 1988-இல் ‘ஐசிஸ்-2’ என்ற ஆய்வு. 417 மருத்துவமனைகள், 17,187 நோயாளிகள். வேலைப்பளு மிகுந்த சாதாரண மருத்துவமனைகளும் பங்கெடுக்க வேண்டும் என்பதற்காகவே நடைமுறையை மிக எளிதாக வைத்திருந்தார்கள். ஸ்ட்ரெப்டோகைனேஸும் ஆஸ்பிரினும் சேர்த்துக் கொடுத்தபோது ஐந்து வாரத்துக்குள் இறப்பு 13.2 விழுக்காட்டிலிருந்து 8-ஆகக் குறைந்தது. ஆஸ்பிரின் பெட்டிக்கடையிலும் கிடைக்கிற மாத்திரை!

சரி, நம் நாட்டில்? 2008-இல் லான்செட்டில் வந்த ‘கிரியேட்’ என்ற இந்திய ஆய்வு 89 மருத்துவமனைகளில் 20,937 நோயாளிகளைப் பார்த்தது. வலி தொடங்கி ஆஸ்பத்திரி வந்து சேர ஆன நேரத்தின் இடைநிலை அளவு 360 நிமிடம். ஆறு மணி நேரம்! இன்னொன்றும் சொன்னது. 30 நாளுக்குள் இறந்தவர்கள் பணக்காரர்களில் 5.5 விழுக்காடு, ஏழைகளில் 8.2. பெற்ற சிகிச்சையைக் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. ஏழையின் இதயம் பலவீனமானதல்ல, அவனுக்குக் கிடைத்த சிகிச்சை குறைவு.

இப்போது நம் தமிழ்நாட்டுக்கு வருகிறேன். அடைத்த குழாயைக் கம்பி செலுத்தித் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி, நேரத்தோடு நடந்தால் ஊசியைவிட மேலானது. அதில் சந்தேகமில்லை. ஆனால் அது பெரிய ஆஸ்பத்திரியில்தான் நடக்கும். அதை 120 நிமிடத்துக்குள் செய்ய வாய்ப்பில்லை என்றால், தடை எதுவும் இல்லாதவர்களுக்கு முதலில் ஊசி என்பது உலகளாவிய வழிகாட்டுதல். இந்த இரண்டையும் இணைத்துப் பார்த்தார்கள் நம்மூர் இதய மருத்துவர்கள் தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லசாரி ஆகியோர். மாட்டுவண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் குடம், சுற்றிலும் ஆரக்கால்கள். ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய மருத்துவமனை குடம், சுற்றியுள்ள சின்ன ஆஸ்பத்திரிகள் ஆரக்கால்கள். சின்ன ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்து அனுப்புவார்கள். ஊசி அங்கேயே. பிறகு ஆம்புலன்ஸில் பெரிய இடத்துக்கு, ஒரு நாளுக்குள் ஆஞ்சியோ. இப்படி 4 சக்கரங்கள்.

2012-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் முடிவு 2017-இல் ‘ஜாமா கார்டியாலஜி’ இதழில் வெளியானது. 2,420 நோயாளிகள். ஆஞ்சியோ கிடைத்தவர்கள் 35 விழுக்காட்டிலிருந்து 60.8-ஆக உயர்ந்தார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும்போது ஏற்படும் இறப்பு மாறவில்லை. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2-ஆகக் குறைந்தார்கள். நூறு வீடுகளில் மூன்று வீட்டுக்கு மேல் துக்கம் தவிர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கான்சாஸிலிருந்து தமிழ்நாடு வரை இந்த வரலாறு எனக்குச் சொன்னது ஒன்றுதான். முதல் மணி நேரம் சின்ன ஆஸ்பத்திரியின் கையில் இருக்கிறது. அது தனித்து நின்றால் பலவீனம். இ.சி.ஜி.யும், ஊசியும், பெரிய இடத்தோடு தொடர்பும் இருந்தால் பலம். குடம் எவ்வளவு பெரிதானாலும் ஆரக்கால் இல்லாமல் வண்டி நகராது.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், “இந்தச் சின்ன ஆஸ்பத்திரிகளை மூடிட்டு மாவட்டத்துக்கு ஒண்ணு பெரிசா கட்டலாமே” என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். போன ஆண்டு வரை நானும் கட்டைவிரலை உயர்த்தியிருப்பேன். மாப்பிள்ளை, அந்த ‘ஒண்ணு’ நம்மிடமிருந்து 78 கிலோமீட்டர்.

நான் டாக்டர் இல்லை. யாருக்கு ஊசி, யாருக்குக் கூடாது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும், அந்த ஊசியில் ரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு. நெஞ்சில் பாரம், வேர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி என்றால் 108-ஐ அழையுங்கள். வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் இரவில் இ.சி.ஜி. எடுக்கிறார்களா, அந்த ஊசி இருக்கிறதா என்று நல்லா இருக்கும்போதே போய்க் கேட்டு வையுங்கள். இல்லை என்றால் ஏன் இல்லை என்று கிராம சபையில் கேளுங்கள்.

நேற்று தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். இதையெல்லாம் சொல்லி, “தப்பு என்னுதுடா” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “அண்ணே, இதை உன் பிள்ளைகளுக்கு எழுது” என்றான்.

எழுதிவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்