கொய்னா கசப்பும் நம்ம தோட்டத்துக் காய்ச்சலும்

பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

போன வாரம் நம்ம கோயில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றி வந்தது. "நம் பாட்டன் பூட்டன் காலத்தில் மலேரியாவை நிலவேம்புக் கசாயத்தாலேயே விரட்டினார்கள், ஆஸ்பத்திரி மருந்தெல்லாம் தேவைப்படவே இல்லை" என்று. நல்ல மனசோடுதான் அனுப்பியிருப்பார்கள். ஆனால் அந்தக் காய்ச்சலில் செத்துப்போன நம்ம ஆளுங்களுக்கு அது நியாயம் செய்யவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எது கசந்தாலும் "கொய்னா மாதிரி கசக்குது" என்பார்கள். கொய்னா என்பது சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கும் மருந்து. மலாயாத் தமிழனுக்கும் அந்த மரத்துக்கும் உள்ள உறவு ரொம்பப் பழசு, வினோதமானதும்கூட.

சிங்கோனா தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை மரம். அங்கே போன ஏசு சபைப் பாதிரிமார்கள் வழியாக 17ஆம் நூற்றாண்டில் அதன் பட்டை ஐரோப்பாவுக்குப் போனது. காய்ச்சல் வந்தால் பட்டைத்தூளை ஒயினில் கலந்து குடிப்பார்கள். ஒரு பட்டையில் மருந்துச் சத்து அதிகம் இருக்கும், இன்னொன்றில் ஒன்றுமே இருக்காது. யாருக்கு எவ்வளவு போகிறது என்று யாருக்கும் தெரியாது. 1820இல் பாரிசில் பெல்லெத்தியே, கவாந்து என்ற இரண்டு மருந்தாளர்கள் பட்டையிலிருந்து குயினைன் என்ற பொருளைத் தனியாகப் பிரித்தார்கள். அன்றிலிருந்து மருந்தை நிறுத்துக் கொடுக்க முடிந்தது. கிரெய்ன் என்று ஒரு எடை, இன்றைய கணக்கில் சுமார் 65 மில்லிகிராம். இத்தனை கிரெய்ன் பெரியவருக்கு, இத்தனை பிள்ளைக்கு என்று டிரெஸர் கணக்குப் பார்த்துக் கொடுத்தாரே, அதற்கு வழி பிறந்தது அந்த 1820இல்தான்.

அடுத்து ஆங்கிலேயருக்கு அந்த மரம் தன் ஆட்சிக்குள் வேண்டும் என்று ஆசை. 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென் அமெரிக்காவிலிருந்து சிங்கோனா கன்றுகளைக் கொண்டு வந்தார். அவர் கொண்டு வந்தவை பிழைக்கவில்லை. ஈக்வடாரிலிருந்து ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் அனுப்பிய சிவப்புப் பட்டை வகைதான் பிழைத்தது. எங்கே நட்டார்கள்? நம்ம நீலகிரியில்! தொட்டபெட்டா, நடுவட்டம் இரண்டு இடத்திலும். பார்த்துக்கொண்டவர் ஊட்டி தாவரவியல் தோட்டத்தின் மெக்கைவர்.

இங்கேதான் நம்ம ஊர்க்காரர்களுக்கான விஷயம் வருகிறது. அப்போது மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்து நீரிணைக் குடியேற்றப் பகுதி. அங்கே சிறையில் இடம் போதவில்லை என்று சீனக் கைதிகளைச் சென்னை மாகாணத்துக்குக் கப்பலேற்றினார்கள். அவர்களில் சிலரை நீலகிரியில் வைத்து சிங்கோனாத் தோட்டத்தில் வேலை வாங்கினார்கள். விடுதலையான பிறகு சிலர் அங்கேயே தங்கி, தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு, காய்கறி போட்டுப் பிழைத்ததாக எட்கர் தர்ஸ்டன் எழுதி வைத்திருக்கிறார். யோசித்துப் பாருங்கள், இங்கிருந்து சீனர் அங்கே போய் மருந்து மரம் நட்டார்கள். அங்கிருந்து தமிழர் இங்கே வந்து காட்டை வெட்டிக் காய்ச்சலில் விழுந்தார்கள்.

நீலகிரிச் சிவப்புப் பட்டையில் குயினைன் குறைவு என்பது பெரிய குறை. பொலிவியாவில் மானுவல் மாமானி என்ற பழங்குடித் தொழிலாளி தேடிப்பிடித்த விதைகளை சார்ல்ஸ் லெட்ஜர் 1865இல் லண்டனுக்கு அனுப்பினார். ஆங்கிலேய அரசு வாங்கவில்லை. டச்சுக்காரன் ஒரு பவுண்டு விதை வாங்கி ஜாவாவில் போட்டான். அதுதான் சத்துள்ள ஜாதி. 1930களில் உலகத்துச் சிங்கோனாப் பட்டையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஜாவாவுடையது. விதை எடுத்த மாமானியைப் பிடித்துச் சிறையில் போட்டு அடித்தார்கள், அந்த அடியிலேயே செத்தார். மருந்துப் பாட்டிலில் அந்தப் பெயர் எங்கே இருக்கப் போகிறது?

இப்போது நம்ம மாநிலத்துக்கு வருவோம். 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் வியாபாரத்துக்காக ரப்பர் போட்டது அங்கேதான் முதலில். அதற்குப் பிறகு புக்கிட் ஆசாஹான். பத்துப் பதினைந்து வருசத்துக்குள் ஜாசின், அலோர் காஜா பக்கமெல்லாம் ரப்பர். கங்காணி கூட்டி வந்த நம்ம சனம் லயத்தில் குடியேறியது. கோயிலும் கூடவே வந்தது.

காய்ச்சல் வந்தது எப்படி என்று பலருக்குத் தெரியாது. கொசுதான் மலேரியாவைக் கடத்துகிறது என்பதற்கு ரொனால்ட் ரோஸ் 1897இல் செகந்திராபாத்தில் ஆதாரம் கண்டார். 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் தோட்டம் தோட்டமாக அலைந்து இன்னொன்றைப் பார்த்தார். கடலோரச் சதுப்பில் நிழலில் வளரும் கொசு ஒன்று. அங்கே காட்டை வெட்டி வடிகால் போட்டால் அது ஓடிவிடும். ஆனால் குன்றுப் பக்கம் கதையே வேற. அங்கே காட்டை வெட்டினால் ஓடையில் வெயில் படும். அந்த வெயில் பட்ட தெளிந்த நீரில்தான் மேகுலேட்டஸ் என்ற கொசு முட்டையிடும். அதாவது ரப்பர் நட வேண்டும் என்று நம்ம ஆள் வெட்டிய ஒவ்வொரு மரமும் அவன் லயத்துக்குக் காய்ச்சலைக் கூட்டி வந்தது. தலைவிதி, கண்ணேறு, குலதெய்வக் குத்தம் என்று அவர்கள் பயந்து செத்ததை நினைத்தால் வயிறு எரிகிறது.

மலாக்காவையும் தாண்டி, கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் 1911ஆம் ஆண்டில் மட்டும் ஆயிரம் தொழிலாளர்களில் 60 பேருக்கு மேல் செத்தார்கள். எல்லாம் மலேரியா இல்லை, வயிற்றுப்போக்கும் உண்டு. ஆனால் மலேரியாதான் ஆளை முதலில் சாய்த்தது.

அதற்குப் பதில்தான் கொய்னா. பல தோட்டங்களில் விடியக்காலை பிரட்டுக்கு நிற்கும்போதே வரிசையில் கொடுப்பார்கள். கண்ணெதிரே விழுங்க வேண்டும். காது இரையும், தலை சுற்றும், குமட்டும். அதனால் வாயில் அடக்கி வைத்துத் துப்பியவர்களும் உண்டு. துப்பியவரைச் சோம்பேறி என்று துரை நினைத்திருப்பார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெறும் வயிற்றில், இரைகிற காதோடு, நாள் முழுக்கப் பால் வெட்டப் போக வேண்டியவனுடைய நிலைமை அது. ஆனால் பாதி நாள் தின்று பாதி நாள் விட்டால் ஆபத்து. முறை தவறிக் கொய்னா சாப்பிட்டவர்களுக்கு மூத்திரம் கறுத்துப் போகிற ஒரு கொடிய காய்ச்சல் வந்து உயிரை எடுத்தது.

கொய்னா எப்படி வேலை செய்கிறது என்றால், மலேரியாக் கிருமி நம்ம சிவப்பணுவுக்குள் புகுந்து ரத்தத்தைத் தின்கிறது. தின்ற மிச்சம் அதற்கே விஷம். அந்த விஷத்தை அது கட்டியாக்கி ஒதுக்கி வைத்துக்கொண்டு பிழைக்கும். கொய்னா அந்தக் கட்டியாக்கும் வேலையைத் தடுக்கிறது. கிருமி தன் விஷத்திலேயே சாகிறது. நிலவேம்பின் கசப்பு ஆண்ட்ரோகிராபோலைட் என்ற வேறு பொருள். மலாய்க்காரர் 'ஹெம்பெடு பூமி' என்பார்கள். காய்ச்சலில் கை வைத்தியமாக நம்ம வீடுகளில் இருந்தது உண்மை. மலேரியாவைக் குணப்படுத்தும் என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. இரண்டும் கசக்கும், அவ்வளவுதான் ஒற்றுமை.

மூலிகையைத் தாழ்த்திச் சொல்வதாக யாரும் கோபிக்க வேண்டாம். நம்ம காஜா பெராங் முத்துமாரியம்மன் கோயிலில் மலாக்கா செட்டி உறவுகள் கொண்டாடும் திருவிழாவுக்கு டத்தோ சாச்சார் என்றுதான் பெயர். சாச்சார் என்றால் அம்மை. வேப்பிலையும் அம்மனும் அந்தப் பயத்தில் மக்களுக்குத் துணை நின்றதை நான் மதிக்கிறேன், ஒவ்வொரு வருசமும் அந்தத் திருவிழாவுக்குப் போகிறேன்.

ஆனால் மருந்து கிடைக்காத காலம் எப்படி இருந்தது என்று நம்ம சனத்துக்குத் தெரியும். 1942 மார்ச்சில் ஜாவா ஜப்பான்காரன் கையில் விழுந்தது. உலகத்துக் கொய்னாவெல்லாம் அவனிடம். அவனேதான் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை சயாம் மரண ரயில் போட இழுத்துப் போனான். காலரா, சீதபேதி, மலேரியா என்று பல்லாயிரம் பேர் அந்தக் காட்டிலேயே போனார்கள். காட்டில் இலைக்கும் வேருக்கும் பஞ்சமில்லை. இல்லாமல் போனது கஞ்சியும் கொய்னாவும்தான்.

போருக்குப் பிறகு குளோரோகுயின், பாலுட்ரின் என்று ஆலையில் செய்த மருந்துகள் வந்தன. பாலுட்ரினுக்கு அடங்காத மலேரியா சில வருசத்திலேயே மலாயாவில் தலைகாட்டியது. குளோரோகுயினுக்கும் பிற்பாடு அதே கதிதான். கடைசியில் மறுபடியும் ஒரு செடிதான் கைகொடுத்தது. சீனாவில் து யூயூ என்ற அம்மா பழைய வைத்திய ஏட்டைப் படித்து, மாசிப்பத்திரி இனச் செடி ஒன்றைக் கொதிக்க வைத்தால் சத்து கெட்டுவிடும் என்று புரிந்துகொண்டு, குறைந்த சூட்டில் பிரித்து 1972இல் ஆர்ட்டிமிசினினைக் கண்டார். 2015இல் நோபல் பரிசு. ஏட்டை அவர் வணங்கினார், சோதித்தும் பார்த்தார். நம்ம ஆஸ்பத்திரிகளில் இன்று கடுமையான மலேரியாவுக்கு ஊசியில் ஏற்றுவது அதிலிருந்து செய்த மருந்துதான்.

மலேசியாவில் 2018 முதல் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்ளூர் மலேரியா இல்லை. குரங்கிலிருந்து தொற்றுகிற வகை மட்டும் இன்னும் காட்டோரத்தில் இருக்கிறது. இப்போது நம்ம டாமானில் காய்ச்சல் என்றால் முதல் சந்தேகம் டெங்கி. அதற்கும் ரத்தம் பார்த்தால்தான் தெரியும். கசாயம் குடிக்கிறவர்கள் குடியுங்கள். கிளினிக்குக்குப் போவதைத் தள்ளிப் போடாதீர்கள்.

ஜாசின், அலோர் காஜா, மஸ்ஜித் தானா பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி எந்த இடத்தில் இருந்தது, கொய்னாவை எப்படிக் கொடுத்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு கமெண்டில் எழுதுங்கள். தோட்டத்துச் சுடுகாடு இப்போது எந்த நிலத்துக்குள் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அதையும் சொல்லுங்கள். ஆடி அமாவாசைக்கு முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வர நாலு பேர் தயாராக இருக்கிறோம்.