முகமூடியும் தீவட்டியும்

விழா ஊருக்குப் பொதுவானது என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆயினும், ஊர்தியின் மீதிருப்பவனுக்கும் வீதியோரத்திலே நிற்பவனுக்கும் அது ஒரே வகையிற் பொதுவாகுமா என்று கேட்பவர் சிலரே. செலவை ஏற்பவர் யார், ஊர்தியில் ஏறுபவர் யார், தீவட்டி பிடிப்பவர் யார், ஒதுங்கி நின்று பார்ப்பவர் யார் என்னும் நான்கு வினாக்களை எழுப்பினால், எந்த விழாவும் தான் பிறந்த சமுதாயத்தின் கதையைத் தானே சொல்லத் தொடங்கிவிடும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியிலே, மிசிசிப்பி ஆற்றங்கரையில் அமைந்த நியூ ஓர்லீன்ஸ் நகரின் களியாட்ட விழாவை இவ்வினாக்களோடு அணுகுவதே நமது நோக்கம். அவ்விழாவின் ஊர்வலங்களை நடத்துவது நகரசபையன்று, திருச்சபையுமன்று. தனியார் கழகங்களே ஊர்வலங்களையும் நடன விருந்துகளையும் நடத்துகின்றன. ஆகவே, அவ்விழாவின் வரலாறு பெரும்பாலும் அக்கழகங்களின் வரலாறேயாகும்.

கத்தோலிக்க நாடுகளிலே விபூதிப் புதனுடன் தபசுகாலம் தொடங்கும். நாற்பது நாள் ஊன் ஒறுத்து நோன்பிருக்குமுன், உண்டும் குடித்தும் ஆடியும் களித்துவிடும் வழக்கத்திலிருந்தே 'காணிவேல்' எனப்படும் களியாட்ட விழா தோன்றியது. விபூதிப் புதனுக்கு முந்திய நாளைப் பிரெஞ்சு மக்கள் 'மார்டி கிரா', அதாவது கொழுத்த செவ்வாய், என்பர். நிலப்பிரபுத்துவ ஐரோப்பாவிலே இக்களியாட்ட நாட்களுக்கு ஒரு தனிச்சிறப்பு இருந்தது. ஏழை அரசனாக வேடம் புனைவான். கோமாளி குருவானவரைப் போலப் பிரசங்கம் செய்வான். முகமூடி அணிந்தவனின் குலத்தையும் தொழிலையும் எவரும் கேளார். ஆண்டு முழுவதும் குனிந்திருந்தவன் சிறிது பொழுதேனும் நிமிர்ந்து நின்று சிரிப்பதற்கு முகமூடி இடந்தந்தது. நோன்பு தொடங்கியதும் எல்லாம் பழையபடியாகும் என்பது உண்மையே. எனினும், உலகத்தைத் தலைகீழாக்கிப் பார்க்கலாம் என்னும் எண்ணத்தை அச்சிரிப்பு உயிரோடு வைத்திருந்தது. நியூ ஓர்லீன்ஸிலே இம்முகமூடிக்கு நேர்ந்த கதி வேறு.

பிரெஞ்சுக்காரர் 1718 ஆம் ஆண்டில் அமைத்த அந்நகரம், இடையிலே ஸ்பானியர் ஆட்சியையும் கண்டு, 1803 ஆம் ஆண்டில் லூசியானாப் பிரதேசத்தோடு அமெரிக்காவுக்கு விற்கப்பட்டது. பருத்தியும் சீனியும் அதன் துறைமுகத்திலே குவிந்தன. அவற்றை விளைவித்த மனிதரும் அங்கேயே விற்கப்பட்டனர். உள்நாட்டுப் போருக்கு முந்திய காலத்திலே அந்நாட்டின் மிகப் பெரிய அடிமைச் சந்தை அந்நகரிலேதான் இருந்தது. பிரெஞ்சு வழிவந்தோர் நடன விருந்துகளை நடத்தினர். வீதியிலே முகமூடி அணிந்தோர் ஒழுங்கெதுவுமின்றி ஆடித் திரிந்து, ஒருவர்மேலொருவர் மாவை அள்ளி வீசினர். ஆங்கிலம் பேசிய வணிகர் சிலர் இவ்வீதிக் கூத்தைத் தம் விருப்பப்படி திருத்தியமைக்க முனைந்து, 'மிஸ்டிக் குறூ ஒவ் கோமஸ்' என்னும் இரகசியக் கழகத்தை நிறுவி, 1857 ஆம் ஆண்டிலே தமது முதலாவது ஊர்வலத்தை நடத்தினர். அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரிலே 1830 ஆம் ஆண்டளவில் தோன்றிய இத்தகைய கழகமொன்றே அவர்களுக்கு முன்மாதிரியாக இருந்தது.

கோமஸ் என்பது மில்ற்றன் இயற்றிய நாடகமொன்றில் வரும் களியாட்டத் தெய்வத்தின் பெயர். முதல் ஊர்வலத்தின் பொருளும் மில்ற்றனின் 'இழந்த சுவர்க்கம்' என்னும் காவியத்திலிருந்தே எடுக்கப்பட்டது. 'குறூ' என்பது குழுவைக் குறிக்கும் சாதாரண ஆங்கிலச் சொல்லே. அதன் எழுத்துக்களை மாற்றிப் பழமையின் சாயலை ஏற்றினர். பருத்தி வாணிகத்தாற் பணம் சேர்த்தவர்கள் பரம்பரைப் பிரபுக்களாகத் தோன்ற விரும்பியபோது, எழுத்துக்கூட்டலுக்குக்கூட வேடம் போட வேண்டியதாயிற்று.

இம்மாற்றத்தின் உட்பொருளை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். முன்னர் வீதியில் நின்றவர் யாவரும் ஆடினர். இப்பொழுது கழகத்தார் ஊர்தியில் ஏறினர்; ஏனையோர் பார்வையாளராயினர். முகமூடி ஏழையை மறைக்கும் திரையாக இருந்தது போய்ச் செல்வனை மறைக்கும் திரையாயிற்று. ஊர்வலம் இரவிலே நடந்தமையால் அதற்கு வெளிச்சம் வேண்டியிருந்தது. அடிமைகளும், அடிமைத்தளையின்றி வாழ்ந்த நிறத்தவரும் தீவட்டி ஏந்தி ஊர்திகளோடு நடந்தனர். அடிமைமுறை ஒழிந்த பின்னரும் அப்பணி கறுப்பினத் தொழிலாளருக்கே உரியதாயிற்று. கூட்டத்தினர் வீசிய சில்லறை நாணயங்களைப் பொறுக்கியபடியே அவர்கள் நடந்தனர். ஊர்தியிலிருந்தவனின் முகம் முகமூடிக்குள்ளே மறைந்திருந்தது. தீவட்டி பிடித்தவனின் முகமோ வெளிச்சத்திலே திறந்து கிடந்தது. ஆயினும் பெயர் தெரியாதவனாக வரலாற்றிலே நின்றவன் இரண்டாமவனே. 1946 ஆம் ஆண்டிலே தீவட்டித் தொழிலாளர் கூடுதற் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர் என்பதும், கழகங்கள் அக்கோரிக்கைக்கு இணங்காது தீவட்டியின்றியே ஊர்வலம் சென்றன என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கவை.

ஊர்வலம் முடிந்ததும் நடன விருந்து தொடங்கும். வீதி எல்லோருக்கும், மண்டபமோ அழைப்பிதழ் பெற்றவர்களுக்கே. அங்கு ஆடவர் முகமூடியோடு வருவர். பெண்கள் முகமூடியின்றி வருவர். முன்கூட்டியே தனி அட்டை பெற்ற பெண்கள் முன்வரிசைகளில் அமர்ந்திருப்பர். பெயர் அழைக்கப்படும்போது எழுந்து சென்று, முகமறியாத கனவான்களோடு ஆடுவர். ஏனையோர் மேலிருந்து பார்த்துக் கொண்டிருப்பர். அவ்வாண்டு சமூகத்திற்கு அறிமுகமாகும் செல்வர் வீட்டுக் கன்னியொருத்தி அரசியாக முடிசூட்டப்படுவாள். பார்ப்பவன் தன்னை மறைத்துக்கொள்ளப் பார்க்கப்படுபவள் மட்டும் வெளிப்பட்டு நிற்கும் இவ்வேற்பாட்டை வெறும் கேளிக்கையென்று தள்ளிவிட முடியாது. குடும்பத்தோடு குடும்பமும் சொத்தோடு சொத்தும் உறவு கொண்டாடிய களம் அது.

இனி, இக்கழகங்களின் அரசியலைக் காண்போம். 1865 ஆம் ஆண்டிலே உள்நாட்டுப் போர் முடிவுற்று அடிமைமுறை ஒழிந்தது. அதன் பின் வந்த புனரமைப்புக் காலத்திலே கறுப்பின மக்கள் வாக்குரிமை பெற்றனர், சட்டசபையிலும் அமர்ந்தனர். பிஞ்ச்பக் என்னும் கறுப்பினத் தலைவர் 1872 டிசெம்பரிலிருந்து மறுமாத நடுப்பகுதிவரை லூசியானாவின் பதில் ஆளுநராகவும் கடமையாற்றினார். அடுத்து வந்த 1873 ஆம் ஆண்டுக் களியாட்டத்திலே கோமஸ் கழகம் எடுத்துக்கொண்ட பொருள், டார்வினின் உயிரினத் தோற்றக் கொள்கையில் 'விடுபட்ட கண்ணிகள்' என்பதாகும். சனாதிபதி கிறான்ட் புகையிலைப் புழுவாகவும், போர்க்காலத்திலே நகரைக் கைப்பற்றி ஆண்ட தளபதி பட்லர் கழுதைப்புலியாகவும் காட்டப்பட்டனர். பன்ஜோ வாத்தியத்தோடு வந்த கொரில்லாவின் உருவம் அரசியலில் உயர்ந்துவந்த கறுப்பினத்தவரை இழித்துரைப்பதாக அமைந்தது. அரசனை நகையாடுதல் களியாட்டத்தின் பழைய மரபேயல்லவா என்று சிலர் கேட்கலாம். எளியவன் வலியவனை நகையாடுவதே அம்மரபு. நேற்றுவரை விலங்கு பூண்டிருந்தவன் இன்று எழுந்து நிற்க, அவனை விலங்கென்று காட்டிச் சிரிப்பது நகைச்சுவையன்று, போர்ப் பிரகடனம்.

அப்போர் விரைவிலேயே வந்தது. 1874 செப்டெம்பர் 14 ஆம் திகதி 'வெள்ளையர் சங்கம்' என்னும் ஆயுதப் படையினர் ஏறக்குறைய ஐயாயிரவர் நகர வீதியிலே இறங்கி, கறுப்பினத்தவரும் சேர்ந்திருந்த பொலீஸ் படையை முறியடித்து, ஆளுநர் கெலோக்கின் ஆட்சியைக் கவிழ்த்தனர். மத்திய அரசின் படை வரும்வரை, மூன்று நாள் நகரம் அவர்கள் கையில் இருந்தது. கோமஸ் கழகத்தினர் பலரும், அதனோடு இணைந்த பிக்விக் மன்றத்தினர் பலரும் அப்படையிலே இருந்தனர். ஊர்தியிலே முகமூடியோடு சென்றவர்கள் தெருவிலே துவக்கோடு நின்றனர். 1877 இலே புனரமைப்பு ஆட்சி கைவிடப்பட்டது. 1884 ஆம் ஆண்டுக் கோமஸ் விருந்திலே, அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தளபதி லீயின் மகளும், தென்னகக் கூட்டரசின் தலைவர் டேவிஸின் மகளும் முதன்மை பெற்றனர். போரிலே தோற்ற வர்க்கம் நடன மண்டபத்திலே தன் வெற்றியைக் கொண்டாடியது.

வெற்றிக்குச் சட்டமும் துணைவந்தது. வெள்ளையருக்கென ஒதுக்கிய புகையிரதப் பெட்டியிலே 1892 இலே துணிந்து ஏறியவர் ஹோமர் பிளெசி என்னும் நியூ ஓர்லீன்ஸ் சப்பாத்துத் தொழிலாளி. அவர் வழக்கிலே 1896 இலே உயர்நீதிமன்றம் இனப்பிரிவினையைச் சட்டபூர்வமாக்கிற்று. அவ்வாண்டு லூசியானாவிலே 130,334 கறுப்பினத்தவர் வாக்காளராகப் பதிவு பெற்றிருந்தனர்; 1898 ஆம் ஆண்டின் புதிய அரசியலமைப்பின் பின், 1900 இலே அத்தொகை 5,320 ஆயிற்று. இதனை மனத்திருத்தியே அந்நகரின் ஏழை மக்கள் கழகங்களை நோக்குதல் வேண்டும்.

வாக்கும் வைத்தியமும் காப்புறுதியும் மறுக்கப்பட்ட மக்கள் தம்முள்ளே சங்கங்களை அமைத்துக்கொண்டனர். உறுப்பினர் செலுத்திய சிறு சந்தாவிலிருந்தே நோயாளிக்கு உதவியும் இறந்தவருக்கு மரியாதையான அடக்கமும் கிடைத்தன. இத்தகைய சங்க வாழ்க்கையிலிருந்தே 'சூலு சமூக உதவிக் களிப்புக் கழகம்' எழுந்தது. உதவியும் களிப்பும் ஒரே பெயருள் இணைந்து நிற்பதைக் கவனிக்க. 1909 ஆம் ஆண்டிலே அதன் முதலரசனான வில்லியம் ஸ்டோறி, பன்றிக்கொழுப்புத் தகரத்தை முடியாகச் சூடி, வாழைத்தண்டைச் செங்கோலாக ஏந்தி வந்தார். அவர் எதிரே பொன்முடி சூடிய அரசன் ஒருவன் ஏற்கெனவே இருந்தான். 1872 இலே ருஷ்ய இளவரசர் அலெக்சிஸ் வந்த காலத்திலே வணிகர் தோற்றுவித்த 'றெக்ஸ்' என்னும் களியாட்ட அரசனே அவன். பொன்முடியும் வேடமே, தகரமுடியும் வேடமே என்பதை ஓர் ஏழை ஒரு தகரத்தினால் விளங்க வைத்தான். நாம் முன்னர்க் கூறிய பழைய சிரிப்பு, வணிகர் பறித்த சிரிப்பு, பின்தெருவிலே மீண்டும் கேட்டது. 1915 இலே சூலுவினர் சரக்குப் பெட்டிகளால் ஊர்தி செய்து, பனையோலையும் மரப்பாசியும் கொண்டு அலங்கரித்தனர்.

ஆயினும் முரண்பாடு இங்குமுண்டு. முகத்திலே கரி பூசிப் புல்லாடை கட்டிய சூலுவின் வேடம் எசமானனை நகையாடியதா, தன்னினத்தையே நகையாடியதா? 1949 இலே லூயி ஆம்ஸ்ட்றோங் சூலு அரசனாக வீதிவலம் வந்தார். பிறந்த ஊரின் பெரும் மரியாதையாக அவர் அதனைக் கருதினார். அவ்வேடம் இழிவானது என்று குறைகூறியோரும் கறுப்பின மக்களிடையே இருந்தனர். 1961 இலே, குடியுரிமைப் போராட்டம் வலுப்பெற்ற வேளையிலே, சூலு ஊர்வலத்தைப் பகிஷ்கரிக்கும்படி குரலெழுந்தது. இரு திறத்தாரையும் நாம் விளங்கிக்கொள்ளலாம். சிரிப்பு அடிமையின் ஆயுதமாகலாம். ஆனால் நிமிர்ந்து நிற்க முனைந்துவிட்ட மனிதனுக்கு அவ்வாயுதம் போதாமற் போகும் காலமும் வரும். 1960களின் இறுதியிலேதான் சூலு ஊர்வலம் நகரின் முதன்மை வீதிகளுக்கு வந்தது. ஆனால், கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாகக் களியாட்டத்திற் கூடிய கிளெயர்போர்ண் வீதியின் ஓக் மரங்கள், நெடுஞ்சாலைக்காக 1966 இலே வெட்டப்பட்டன. ஒரு வீதி திறந்தபோது மற்றொரு வீதி பறிபோயிற்று.

இதே காலத்திலே பணமும் தன் பங்கைக் கேட்டது. பழைய கழகங்களில் இடம்பெறாத புதிய வணிகர் 1968 இலே 'பக்கஸ்' கழகத்தை அமைத்து, மறு ஆண்டு பிரமாண்டமான ஊர்திகளோடு வந்தனர். சினிமா நடிகர் டானி கே அவர்களின் முதலரசன். குலத்தைப் பாராது கட்டணத்தைப் பார்க்கும் கழகம் அது. பிறப்பு மூடிய கதவைப் பணம் திறந்தது முன்னேற்றமே; பணமில்லாதவனுக்கு அதுவும் மூடிய கதவே.

இறுதியில், வினா நகரசபையிலேயே எழுந்தது. ஊர்வலம் தனியாருடையது; வீதியோ பொதுமக்களுடையது. காவலுக்குப் பொலீசாரையும், குப்பை அகற்றத் தொழிலாளரையும் அனுப்புவது நகரம். அந்நகரத்தின் பெரும்பான்மையினரோ கறுப்பினத்தவர். 1991 டிசெம்பரிலே டொறதி மே டெயிலர் என்னும் கறுப்பினப் பெண் உறுப்பினர் கொண்டுவந்த சட்டத்தை நகரசபை ஏகமனதாக நிறைவேற்றிற்று. இனபேதம் பாராட்டும் கழகத்திற்கு ஊர்வல அனுமதி இல்லை என்பதே அதன் சாரம். எதிர்ப்பெழ, அது பின்னர் தளர்த்தப்பட்டது. றெக்ஸ் கழகம் கறுப்பினத்தவர் மூவரைச் சேர்த்துக்கொண்டு வீதியிலே நிலைத்தது. கோமஸும் மோமஸும் 1992 முதல் வீதியை விட்டகன்றன. புறோற்றியஸ் என்னும் கழகமும் மறு ஆண்டு விலகி, 2000 ஆம் ஆண்டிலேயே திரும்பி வந்தது. கோமஸ் விருந்து இன்றும் மூடிய மண்டபத்துள்ளே நடைபெறுகின்றது. ஏறக்குறைய நூற்றுமுப்பத்தைந்து ஆண்டுகள் வீதியை ஆண்ட கழகம், கதவைத் திறப்பதா வீதியைத் துறப்பதா என்ற நிலை வந்தபோது, வீதியைத் துறந்தது. 1874 ஆம் ஆண்டுக் கலகத்தைப் போற்றி 1891 இலே எழுப்பிய தூணும் 2017 ஏப்பிரிலிலே அகற்றப்பட்டது.

கோமஸ் இல்லாவிட்டால் களியாட்டமே அழிந்துவிடும் என்று அன்று அஞ்சியோர் இருந்தனர். களியாட்டம் அழியவில்லை. சூலுவும் றெக்ஸும் கொழுத்த செவ்வாயன்று ஒரே நகரில் வலம் வருகின்றனர். மக்கள் திரண்டு நிற்கின்றனர். விழாவைக் காத்தவர்கள் தாமே என்று உரிமை கொண்டாடியோர் சென்றபின்னும் விழா நிலைத்ததெனின், அதனைக் காத்தவர் வேறு யாரோ என்பது பெறப்படும். ஊர்தியின் எழிலைக் காட்டும் படங்கள் பல உள. அவற்றிலொன்றை வகுப்பறையிலே மாணவருக்குக் காட்டும்போது, ஊர்தியின் முன்னே நெருப்பைச் சுமந்து நடக்கும் மனிதனையும் சுட்டிக்காட்டி, அவன் யார் என்று கேட்கச் செய்வது வரலாறு கற்பிப்போராகிய நமது கடன்.