நிழலுருவறிதல்: வானூர்தியும் தீவகக் கலமும்

சேய்மையில் தோன்றும் பொருளின் நிறமும் நுணுக்கமும் கண்ணுக்குப் புலனாகா; புறவடிவம் ஒன்றே புலனாகும். ஒளிமிக்க வானத்தின் முன்னே பறக்கும் விமானம் கருநிழலாகவே தோன்றுகின்றது. அடிவானத்தில் எழும் கப்பலின் உடல் பூமியின் வளைவினால் மறைந்திருக்க, பாயும் பாய்மரமுமே முதலிற் காட்சி தருகின்றன. இவ்வாறு புறவடிவம் ஒன்றையே துணைக்கொண்டு பொருளின் இனமும் பெயரும் கூறும் திறனை நிழலுருவறிதல் எனலாம். அருகிவிட்ட பழைய விமானங்களை இம்முறையால் அறிவது இன்று பல நாடுகளிற் பயிலப்படும் ஒரு பொழுதுபோக்கு. ஆயின், அது விளையாட்டாகப் பிறந்ததன்று. அதன் வரலாறு யாழ்ப்பாணத்துத் தீவகத்தாருக்கு ஒரு படிப்பினையும் தருவதாகும்.

தொலைவிற் கண்ட வடிவத்தால் பெயரிடும் வழக்கத்துக்குத் தீவகமே ஒரு சான்று. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடைப்பட்ட கடலில் நிற்கும் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து 1658ஆம் ஆண்டிற் கைப்பற்றிய ஒல்லாந்தர், அதற்கு ஹம்மன்ஹீல் எனப் பெயரிட்டனர். பன்றித்தொடையின் குதி என்பது அதன் பொருள். இலங்கையின் புறவடிவம் பன்றித்தொடை ஒன்றை ஒத்திருப்பதாகக் கொண்டு, அதன் முனையில் நின்ற கோட்டையை அவர் அவ்வாறு அழைத்தனர்.

அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இக்கடலில் கலங்களை வகைப்படுத்தி நோக்கும் வழக்கம் இருந்தது. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு இதனை உணர்த்தும். பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கே வந்து சேரவேண்டும் என்பது அதன் கட்டளைகளுள் ஒன்று. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு கூறு அரசுக்கும் மூன்று கூறு உடையவருக்கும் உரியன. வணிகச் சரக்கேற்றிய கலம் உடைந்தால் இருவருக்கும் சரிபாதி. எனவே, கரையை அணுகிய கலம் எத்தகையது என்ற வினா, பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஊர்காவற்றுறையில் பொருளுரிமையைத் தீர்மானிக்கும் வினாவாக இருந்தது.

கடலுக்குரிய இவ்வினா வானத்துக்கும் உரியதென்பதை இரண்டாம் உலகப்போர் கடுமையாக உணர்த்திற்று. பிரித்தானியா போர் தொடுத்த மூன்றாம் நாளாகிய 1939 செப்டெம்பர் 6ஆம் தேதி, அந்நாட்டு ஸ்பிற்பயர் விமானங்கள் தம் நாட்டு ஹரிக்கேன் விமானங்கள் இரண்டைப் பகைவருடையனவென மயங்கிச் சுட்டு வீழ்த்தின. விமானியொருவர் உயிரிழந்தார். பிரித்தானியப் போர்விமானிகளுள் அப்போரில் முதலில் மாண்டவர் அவரே. அவரைக் கொன்றதும் தம்மவர் குண்டே. வடிவத்தை அறியாமை உயிரைக் கொள்ளும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

இதன்பின் நிழலுருவறிதல் முறையான கல்வியாயிற்று. இங்கிலாந்தின் வான்காவற் பார்வையாளர் படையிற் சேர்ந்த தொண்டர்கள் கழகங்கள் அமைத்துப் பயின்றனர். 1941 சனவரியில் இதற்கென்றே ஓர் இதழ் தோன்றியது. கீழிருந்தும் முன்னிருந்தும் பக்கத்திருந்தும் நோக்கினால் தோன்றும் மூன்று கருநிழற்படங்கள் ஒவ்வொரு விமானத்துக்கும் வரையப்பட்டன. ஐக்கிய அமெரிக்காவில் 1942ஆம் ஆண்டு பள்ளி மாணவரிடம் ஐந்து இலட்சம் மாதிரி விமானங்கள் செய்துதருமாறு கடற்படை வேண்டிற்று. எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில் மரத்தாற் செதுக்கப்பட்டுக் கருமை பூசப்பட்ட அம்மாதிரிகள் படைவீரரின் பாடக்கருவிகளாயின.

கற்பிக்கும் முறையில் இருவேறு கொள்கைகள் நிலவின. சிறகு, இயந்திரம், உடல், வால் என்னும் நான்கு உறுப்புகளையும் ஒவ்வொன்றாக நோக்கித் துணிதல் ஒன்று. ஓகையோ மாநிலப் பல்கலைக்கழக உளவியற் பேராசிரியர் சாமுவேல் ரென்ஷா மற்றொன்றை வற்புறுத்தினார். உறுப்புகளை எண்ணிக்கொண்டிருக்கும் நேரத்தில் விமானம் கடந்துவிடும். ஆதலின் முழுவடிவையும் ஒருநோக்கிற் கொள்ளவேண்டும் என்பது அவர் கொள்கை. நொடியின் சிறுகூறளவே திரையில் நிழலுருவைக் காட்டி அவர் பயிற்சி அளித்தார். கரையில் நிற்கும் முதிய கடலோடி பாயின் சாய்வு கண்டமட்டில் தோணியின் பெயர் சொல்வதும் இத்தகைய முழுநோக்கே. அவர் உறுப்புகளை எண்ணுவதில்லை.

இலங்கையில் இத்திறனின் அருமை 1942 ஏப்ரிலில் வெளிப்பட்டது. அம்மாதம் 4ஆம் தேதி கொக்கலையிலிருந்து பறந்த கற்றலீனா கடல்விமானத்தில், கனேடிய விமானியாகிய லெனாட் பேர்ச்சால் தென்கிழக்குக் கடலிலே யப்பானியக் கப்பற்படையைக் கண்டார். அணுகி நோக்கி அது யாருடையதெனத் தெளிந்து செய்தி அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே அவரது விமானம் வீழ்த்தப்பட்டது. ஒன்பதின்மருள் அறுவரே உயிர்பிழைத்துச் சிறைப்பட்டனர். மறுநாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது. முன்னறிவிப்பு வந்திருந்தும் இரத்மலானையில் இருந்த விமானங்கள் பகைவர் தலைக்குமேல் வந்தபின்னரே எழ நேர்ந்தது. 9ஆம் தேதி திருகோணமலை தாக்கப்பட்டது. ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலும் மட்டக்களப்புக்கு அப்பாற்பட்ட கடலில் மூழ்கிற்று.

போர்க்காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் விமானத்தளம் ஒன்று அமைந்தது. அந்நாளிற் காங்கேசன்துறைத் தளம் எனப்பட்ட அதுவே 2019ஆம் ஆண்டில் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலித் தளம். 1945ஆம் ஆண்டில் பிரித்தானிய விமானப்படையின் 203ஆம் அணி லிபரேற்றர் விமானங்களுடன் அங்கிருந்து கடற்காவல் புரிந்தது. நீண்டு ஒடுங்கி உயரத்தில் அமைந்த சிறகு, அதில் நான்கு இயந்திரங்கள், ஆழ்ந்த உடல், பின்புறத்தே முட்டைவடிவான இரட்டைச் செங்குத்து வால்கள் ஆகியன அதன் அடையாளங்கள். 1947 டிசெம்பர் 10ஆம் தேதி எயார் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணமாக இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியே சென்னை சென்ற டக்கோட்டாவோ தாழ்ந்த சிறகும், இரண்டு இயந்திரமும், ஒற்றை வாலும் உடையது. இவ்விரண்டையும் ஒருமுறை கூர்ந்து நோக்கியவர் பின்னர் மயங்கார்.

பதினெண்ணாயிரத்துக்கு மேற்பட்ட லிபரேற்றர்கள் செய்யப்பட்டன. போர் முடிந்ததும் அவற்றுட் பெரும்பாலானவை உடைத்து உருக்கப்பட்டன. கான்பூரில் பயன்படாதவாறு சிதைக்கப்பட்டுக் கிடந்தவற்றுள் நாற்பதுக்கு மேற்பட்டவற்றை இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையார் 1948 முதல் சீர்செய்து பறக்கவைத்தனர். இந்திய விமானப்படை 1968 வரை அவற்றைப் பயன்படுத்திற்று. இன்று பிரித்தானியா, கனடா, ஐக்கிய அமெரிக்கா ஆகிய நாடுகளின் அருங்காட்சியகங்களில் நிற்கும் லிபரேற்றர்களுட் பல அவ்வாறு இந்தியாவில் உயிர்பெற்றவையே. பிரித்தானிய அரச விமானப்படை அருங்காட்சியகத்துக்கு ஒன்றை இந்தியா 1974ஆம் ஆண்டில் வழங்கியது.

போர் ஒழிந்ததும் தேவை ஒழிந்தது. 1948ஆம் ஆண்டில் அவ்விதழும் நின்றது. பயின்றவரின் ஆர்வம் நிற்கவில்லை. இளமையில் அச்சத்தாற் கற்றதை அவர் முதுமையில் அன்பினாற் போற்றினர். நிழலுருப் படங்களையும் விமான எண்களையும் தொகுத்துவைத்தனர். மங்கிய ஒளிப்படத்தில் வாலின் நுனி மட்டும் தெரியினும் அது எவ்வினத்தது என அவர்களாற் கூற முடிகின்றது. இதனால் பறப்பதற்கு ஒன்றேனும் எஞ்சாத விமான இனங்கள்கூட அறிவுலகில் அழியாது நிற்கின்றன.

தீவகக் கலங்களுக்கு இவ்வாய்ப்பு முழுமையாகக் கிட்டவில்லை. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் இரட்டைப் பாய்மரக் கலம் 1938 ஆகத்து 1ஆம் தேதி அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தமையால் அதன் வடிவம் ஒளிப்படங்களில் வாழ்கின்றது. விமான நிழலுருக்கள் பெருகிய அதே காலத்தில், 1943ஆம் ஆண்டில், ஜேம்ஸ் ஹோர்னெல் இலங்கையின் மீன்பிடி கலங்களையும் கரையோரக் கலங்களையும் பற்றி ஆராய்ந்து எழுதினார். அயல்நாடு செல்லாத, ஆராய்ச்சியாளர் கண்ணிற் படாத தோணிகளின் நிலை வேறு. இயந்திரம் வந்தபின் பாய்கள் மறைந்தன. பின்னர் நிகழ்ந்த நெடும்போர் கடற்றொழிலையே குலைத்தது. பாயின் சாய்வால் கலத்தை அறிந்த கண்கள் ஒவ்வொன்றாக மூடிவருகின்றன.

விமானத்துக்கு மூன்று நிழற்படம் வரைந்த முறை தோணிக்கும் பொருந்தும். முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேற்தோற்றம் ஆகிய மூன்றும், உறுப்புகளின் உள்ளூர்ப் பெயர்களும், கட்டிய துறையும் ஆண்டும் குறிக்கப்படின் ஒரு கலத்தின் வரலாறு நிலைபெறும். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. தாளும் கோலும் பொறுமையும் போதும். ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் பாயோட்டிய முதியோர் எஞ்சியுள்ளபோதே விடுமுறை நாள்களில் மாணவர் அவர்களை அணுகிக் கேட்டு வரைந்துகொள்வாராயின், அத்தொகுப்பு இக்குடாநாட்டின் வரலாற்றுக்கு உறுதியான ஆவணமாகும்.