முகவரி கேட்கும் கம்பி

மன்னாரின் தொலைபேசிக் குறியீடு 023. புத்தளத்தின் குறியீடு 032. வில்பத்துக் காட்டுக்கு வடக்கே ஒன்று, தெற்கே மற்றது. 1990 ஒக்டோபர் மாதக் கடைசியில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது ஏறத்தாழ 75,000 பேர் ஊரிழந்தார்கள். யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30ஆம் திகதி அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டியில் கரை இறங்கினார்கள். புத்தளம், கற்பிட்டி, முந்தல் பகுதிகளின் தென்னந்தோட்டங்களிலும் வெறும் மணல்தரைகளிலும் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. தில்லையடி, சோல்ட்டன், ஆலங்குடா போன்ற இடப்பெயர்கள் முகாம்களின் பெயர்களாயின.

வீடு, காணி, கடை, தோணி என்று விட்டுவந்தவற்றைக் கணக்கெடுத்தவர்கள் உண்டு. 2011இல் வெளிவந்த பிரஜைகள் ஆணைக்குழுவின் அறிக்கை அந்த வேலையைப் பொறுப்போடு செய்தது. அந்தக் கணக்கில் சிறியதாகத் தெரியும் ஓர் இழப்பும் இருந்தது: முகவரி. தபாலோ தந்தியோ தொலைபேசியோ, எல்லாம் முதலில் கேட்பது அதைத்தான். இடம்பெயர்ந்தவரிடம் இல்லாததும் அதுதான்.

இந்தக் கரையோரத்தின் செய்தித்தொடர்பு வரலாற்றை இந்த ஒரு கேள்வியை வைத்தே எழுதிவிடலாம். ஏனென்றால் இங்கே இருப்பவர்கள் நகர்ந்துகொண்டே இருப்பவர்கள். சிலாபத்து மீனவர்கள் பருவத்துக்குப் பருவம் கடல் திரும்பும்போது படகோடும் வலையோடும் பெயர்ந்துபோய் வேறு கரைகளில் வாடி போடுகிறார்கள். கற்பிட்டிக்கு வடக்கேயுள்ள பத்தலங்குண்டு போன்ற தீவுகள் மீன்பிடிக் காலத்தில் ஊர்போல் நிறைகின்றன. புத்தளம் மாவட்டத்தின் தென்முனையில் வென்னப்புவ 1980கள் தொட்டு இத்தாலிக்கு ஆட்களை அனுப்பி, ‘குட்டி இத்தாலி’ என்ற பெயரே வாங்கிவிட்டது. வடபாதியிலிருந்து ஆணும் பெண்ணும் வளைகுடா நாடுகளுக்குப் போகிறார்கள். ஆனால் இவர்களுக்காகப் போடப்பட்ட கம்பி, அசையாத ஒரு வீட்டை எதிர்பார்த்தே வந்தது.

முதலில் அது வீட்டுக்குக்கூட வரவில்லை. 1850 முதல் 1858 வரை ‘சிலோன் ஒப்சேவர்’ பத்திரிகை காலியில் நிற்கும் கப்பல்களின் செய்திகளைப் புறாக்கள் மூலம் கொழும்புக்கு எடுத்தது. 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்திக்கம்பி இழுக்கப்பட்டதும் புறாக்களின் வேலை முடிந்தது. அதே ஆண்டில் மன்னார்ப் பக்கமாக இந்தியாவுடனான கடலடித் தந்தியும் வந்தது. கம்பி நாடியது கச்சேரி, துறைமுகம், வணிகக் கிட்டங்கி ஆகியவற்றைத்தான். கற்பிட்டியில் 1807இல் பிறந்து, புத்தளத்தில் மணியகாரராக இருந்து, 1834இல் இலங்கையின் ஊர்விவர அகராதியை அச்சேற்றிய சைமன் காசிச்செட்டி தபாலை நம்பித்தான் வாழ்ந்தார். தந்தி இலங்கைக்கு வந்து இரண்டே வருடங்களில், 1860இல், அவர் காலமானார்.

இரயில் 1916இல் சிலாபத்தையும் 1926இல் புத்தளத்தையும் தொட்டது. தண்டவாளத்தோடு நிலையத்துத் தந்தியும் வந்தது. அதன் பிறகும் பல பத்தாண்டுகளுக்கு ஒரு சாதாரண குடும்பத்துக்குத் தந்தி என்றால் சாவுச் செய்தி. தொலைபேசி என்றால் தபாற்கந்தோரில் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் ட்ரங்க் கோல்.

காத்திருப்பது இந்த நாட்டின் தொலைபேசி வரலாற்றில் ஒரு தனி அத்தியாயம். தபாலோடு ஒட்டியிருந்த தொலைத்தொடர்பு 1980இல் தனித் திணைக்களமாகப் பிரிந்தது. 1991இல் 25ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் திணைக்களம் கூட்டுத்தாபனமாயிற்று. 1990களின் நடுவில் இணைப்புக்காகக் காத்திருந்தவர்களின் பட்டியல் இலட்சத்தைத் தாண்டியிருந்தது. விண்ணப்பித்து வருடக்கணக்கில் இருந்த பிறகு இணைப்புக் கிடைத்தவர், வீடு மாறும்போது அதை எளிதில் கைவிடமாட்டார். புதிய இடத்து எக்ஸ்சேஞ்சில் காலியான இணைப்பு இல்லையென்றால் மறுபடி வரிசை. ஆகவே வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கும் அடிக்கடி இடமாற்றம் பெறும் ஆசிரியர்களுக்கும் தொலைபேசி எட்டாத பொருளாகவே இருந்தது. முகாம்வாசிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

1996இல் சன்டெல், லங்கா பெல் என்ற இரு தனியார் நிறுவனங்களுக்குக் கம்பியில்லா நிலையான தொலைபேசி நடத்த உரிமம் கிடைத்தது. அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டுத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு பிறந்தது. 1997 ஓகஸ்டில், அந்தக் கூட்டுத்தாபனத்தின் வழிவந்த ஸ்ரீ லங்கா டெலிகொம்மின் 35 வீதப் பங்கை ஜப்பானின் என்.ரி.ரி. வாங்கியது. அதற்குப் பின் வரிசை வேகமாகக் கரைந்தது உண்மை. ஆனால் தனியார் நிறுவனங்கள் முதலில் போனது கொழும்புக்கும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளுக்கும்தான்.

அந்த இடைவெளியில் இந்தக் கரையோரத்தைத் தாங்கியது கடைத்தெரு. ‘கொமியூனிகேஷன்’ என்று பலகை மாட்டிய சிறு கடைகளை இன்று வயது நாற்பதைத் தாண்டிய எவரும் மறந்திருக்கமாட்டார்கள். ஒரு போன், ஒரு மீட்டர், மரத்தட்டியால் மறைத்த ஒரு கூண்டு, அருகில் போட்டோக்கொப்பி இயந்திரம். சவூதியிலிருந்து மகள் இந்த நேரத்துக்கு எடுப்பாள் என்று கடிதத்தில் சொல்லியிருப்பாள்; தாய் அரை மணி நேரம் முன்பே வந்து வாங்கில் உட்கார்ந்திருப்பாள். கோல் வராவிட்டால் கடைக்காரரே ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். முகாமில் உள்ளவரின் விசிட்டிங் கார்டிலும் கல்யாண அழைப்பிதழிலும் கடையின் எண்ணே அச்சாகியிருக்கும். சரியாகச் சொன்னால் அது முகவரியற்றவர்களுக்குக் கடைக்காரர் கடன்கொடுத்த முகவரி. இந்தச் சேவையை எந்த அறிக்கையும் போதிய அளவு பாராட்டவில்லை.

தென்னாசியாவின் முதல் செல்லிடத் தொலைபேசிச் சேவையான செல்டெல் 1989இலேயே இலங்கையில் தொடங்கிவிட்டது. ஆனால் அதன் விலை வாடிக்காரருக்கும் முகாம்வாசிக்கும் உரியதல்ல. கரையோரத்தை உண்மையில் மாற்றியது 2005இல் வந்த சி.டி.எம்.ஏ. போன். பார்வைக்கு மேசைத் தொலைபேசி. கம்பிக்குப் பதிலாகச் சிறு அன்டெனா. தூண் நட வேண்டாம், குழி வெட்ட வேண்டாம், பெட்டியைப் பிரித்து வைத்தால் பேசலாம். 2004இல் நாடு முழுவதும் பத்து இலட்சத்தை ஒட்டியிருந்த நிலையான தொலைபேசிகள் 2008இல் 34 இலட்சமாகின. 032க்கு அடுத்த இலக்கம் 2 என்றால் டெலிகொம், 4 என்றால் சன்டெல், 5 என்றால் லங்கா பெல், 7 என்றால் டயலொக் என்று ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரிந்திருந்தது.

உரிமத்தின்படி அது பதிந்த வீட்டுக்குரிய நிலையான தொலைபேசி. மக்களோ அதைத் தங்கள் வாழ்க்கைக்கேற்ப வளைத்தார்கள். வீடு மாறியவர் பாய், தலையணையோடு அதையும் தூக்கிக்கொண்டு போனார். கோபுரத்தின் சிக்னல் எட்டும் வரை அது வேலை செய்தது. போர் உக்கிரமான காலத்தில் பாதுகாப்புக் காரணம் காட்டி இந்த நடமாட்டத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. அடையாளம் காட்டுவதும் வசிப்பிடம் நிரூபிப்பதும் கடுமையாயின. வாக்காளர் இடாப்பில் மன்னாராகவும் குடியிருப்பில் புத்தளமாகவும் இருந்த ஒருவருக்கு, கிராம சேவகரின் கடிதம் என்பது ஒரு தாள் மட்டுமல்ல. அரை நாள் கூலி. இடம்பெயர்ந்தோர் தம் சொந்த ஊரிலேயே வாக்காளராகப் பதிய விசேட சட்டமொன்று 2013இல்தான் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் ‘நீங்கள் எந்த ஊர்?’ என்ற கேள்விக்கு இவர்கள் அலுவலகத்துக்கு அலுவலகம் விளக்கம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

2000களின் நடுப்பகுதிக்குப் பின் ஏ.டி.எஸ்.எல். இணையம் மாவட்ட நகரங்களுக்கு வந்தபோது பழைய செம்புக்கம்பிக்கு மறுபடி மதிப்பு வந்தது. கம்பியோடு அதன் பழைய குணங்களும் வந்தன. ஏ.டி.எஸ்.எல். எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக்கூடத் தேய்கிறது. நாலைந்து கிலோமீற்றருக்கு அப்பால் பெயருக்குத்தான் இணையம். பாலாவிச் சந்தியிலிருந்து நுரைச்சோலை, தலவில என்று கற்பிட்டி வரை ஒரே தெருவாக நீளும் குடாநாட்டில் வீடுகள் அப்படித்தான் சிதறிக் கிடக்கின்றன. போதாததற்கு இருபுறமும் உப்புக்காற்று. கம்பி இணைப்புகளில் களிம்பு ஏறுகிறது. மழை பெய்தால் இரைச்சல். தென்னோலை விழுந்து கம்பி அறுவது இந்த மாவட்டத்தில் செய்தியே அல்ல.

வீடு மாறுகிறவரின் பாடு இங்கேதான் கூர்மையாகிறது. வென்னப்புவவின் குறியீடு 031, நீர்கொழும்போடு சேர்ந்தது; அடுத்திருக்கும் மாரவில 032. ஒரே மாவட்டம், பக்கத்து ஊர், ஆனால் குடிபெயர்ந்தால் எண் மாறும். பழைய வீட்டில் நன்றாக ஓடிய இணையத்தை நம்பிப் புது வீட்டுக்குப் போனவருக்கு, அங்கே எக்ஸ்சேஞ்சில் போர்ட் காலியில்லை என்ற பதில் வரும். இருந்தாலும் தூரம் அதிகம் என்று இன்னொரு பதில். பழைய கணக்கை மூடவும் நிலுவை கட்டவும் ரவுட்டரைத் திருப்பிக் கொடுக்கவும் ஒரு வரிசை. புதிய விண்ணப்பத்துக்கு இன்னொன்று. அதற்கிடையில் இணையமில்லாத மாதத்துக்கும் பில் வந்து சேர்ந்தது என்ற முறைப்பாடு இந்த நாட்டில் எந்த ஊரிலும் கேட்கக்கூடியது.

முறைப்பாட்டை யாரிடம் சொல்வது என்பதும் இந்த ஆண்டுகளில் மாறிவிட்டது. முன்பு சேவை மெதுவாக இருந்தது, ஆனால் ஊரிலேயே இருந்தது. லைன்மேனின் பெயர் தெரியும். சைக்கிளை மறித்துக் கேட்கலாம். அவர் இன்று வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்றும் தெரியும். குறுகிய அழைப்பெண்கள் வந்த பிறகு முறைப்பாடு கண்காணாத இடத்துக்குப் போயிற்று. மொழியைத் தெரிவுசெய்ய இலக்கத்தை அழுத்தலாம். தமிழ் அரசகரும மொழியாக 1987இன் 13ஆம் திருத்தத்திலேயே ஏற்கப்பட்டது. ஆனால் அழுத்திய பின் இசை கேட்டுக் காத்திருந்து, கடைசியில் சிங்களத்தில் பேசி முடித்ததாகச் சொல்பவர்கள் இந்தக் கரையில் ஏராளம். கோளாறு கோபுரத்திலா, கம்பியிலா, ரவுட்டரிலா என்று விளக்க முதலே இரவல் மொழி வேண்டியிருப்பது வசதிக் குறைவு மட்டுமல்ல. உரிமை மீறல் என்றே அதைச் சொல்ல வேண்டும். நிறுவனம் கைவிரித்தால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். சந்தாதாரரின் முறைப்பாட்டை விசாரிக்கும் அதிகாரம் சட்டத்தில் உண்டு. இந்த வழி இருப்பதே கற்பிட்டித் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கொவிட் வந்த 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது வீட்டு இணையம் பிள்ளைகளின் படிப்பாக மாறியது. ஒரு போனை மூன்று பிள்ளைகள் பகிர்ந்தார்கள். ரீலோட் தீர்ந்தால் பாடம் நின்றது. 2022 மார்ச் 31ஆம் திகதி நாடு 13 மணித்தியால மின்வெட்டை அறிவித்தது. டீசல் தட்டுப்பாட்டில் கோபுரங்களின் ஜெனரேட்டர்களும் தள்ளாடின. அந்த நாட்களில் பழைய செம்புக்கம்பித் தொலைபேசியின் ஓர் அருமை தெரிந்தது: அதற்கான மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பி வழியாக வரும், வீட்டில் கரண்ட் போனாலும் பேசலாம். ஃபைபருக்கும் 4ஜி ரவுட்டருக்கும் அந்தக் குணம் இல்லை. நாட்டின் மிகப் பெரிய அனல்மின் நிலையம் இதே கரையில், நுரைச்சோலையில், 2011 முதல் இயங்குகிறது. அதன் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே வாழும் வீடுகளிலும் ரவுட்டர் இருண்டுதான் கிடந்தது.

போர் முடிந்த 2009க்குப் பின் ஒரு பகுதியினர் முசலிக்கும் மன்னாருக்கும் திரும்பினார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் தொழிலும் புத்தளத்தில் என்பதால் இரண்டு இடத்திலும் அடுப்பு எரியும் குடும்பங்கள் பல. 2007இல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய வீடமைப்புத் திட்டம் இங்கேயே தங்க விரும்பியவர்களுக்குக் கல்வீட்டையும் காணி உறுதியையும் கொடுத்தது. முகவரி கிடைத்தது, அதோடு லைட் பில்லும், அதைக் காட்டி எடுக்கும் இணைப்பும். ஆனால் சிலாவத்துறையில் ஒரு வீடு, தில்லையடியில் ஒரு வீடு என்று வாழ்கிறவருக்குச் சட்டைப்பையிலுள்ள சிம் மட்டுமே இரண்டு பக்கமும் செல்லும். வீட்டு 4ஜி ரவுட்டர் பொதுவாக ஓர் இடத்துக்கென்றே விற்கப்படுகிறது. அதைத் தூக்கிப்போக இடமாற்றக் கோரிக்கை கொடுக்க வேண்டும்.

2024 ஓகஸ்டில் உரிமம் பெற்று 2025 ஜூலையில் இலங்கையில் சேவை தொடங்கிய ஸ்டார்லிங்க் வானத்திலிருந்து இறங்குகிறது; தூணும் எக்ஸ்சேஞ்சும் அதற்குத் தேவையில்லை. பத்தலங்குண்டுத் தீவிலும் பிடிக்கக்கூடிய இணையம் அது, விலை கட்டுப்படியானால். அதன் வீட்டுத் திட்டமும் பதிந்த சேவை முகவரிக்குரியது. அதன் அன்டெனாத் தட்டை வேறு இடத்துக்கு எடுத்துச்சென்று பாவிக்க விரும்புகிறவருக்கு வேறு திட்டம், வேறு கட்டணம்.